தாண்டியவர் எறியக் கற்றுக்கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. டிரிபிள் ஜம்ப் தாண்டிக்கொண்டிருந்தேன், கணுக்கால் போனதும் நிறுத்திவிட்டேன். இரண்டு வருடமாக ஒரு கல்லூரியில் தடகளக் கோச். தாண்டுபவர்களை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், எறிபவர்களின் கோச் விலகியதும் அவர்களும் என் தலையில் விழுந்தார்கள். ஷாட்புட் பையன் ஒருவன் எல்லோர் முன்னாலும் "நீங்க குண்டு போட்டிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டான். என்னிடம் இருப்பவர்களில் திறமைசாலி ஒரு நீளம் தாண்டும் பெண். முதல் வருடம் 5.62 மீட்டர், இப்போது 5.60. முழங்கால் வலிக்கிறது என்கிறாள், டிரிபிள் ஜம்புக்கு மாற்றிவிடலாமா? பிள்ளைகள் கைக்கு வரும் சமயத்தில் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள், அப்புறம் வேறு கோச் பெயர் வாங்குகிறார். இந்த வேலையில் எதிர்காலம் உண்டா, இல்லை தாண்டுதல் மட்டும் பார்க்கும் இடமாகத் தேடிப் போகட்டுமா?

பதில்: எல்லாம் நியாயமான கேள்விகள்தான், கேட்ட வரிசைதான் தப்பு. முழங்காலை முதலில் கேட்டிருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஆறு மாதம்கூடக் காத்திருக்கும்.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லின் அடி நுனியில் விரல் வைத்தாள், உடம்பு சூடானதும் வலி மறைந்து மறுநாள் காலை படி இறங்கும்போது திரும்ப வருகிறது என்றும் சொன்னாள் என்றால், சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில்தான் பெரும்பாலும் கோளாறு. தாண்டுபவர்களுக்கு இது அவ்வளவு சகஜம் என்பதால் 'ஜம்பர்ஸ் நீ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் நான் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொல்வதையும் நீங்கள் மைதானத்தில் நின்றபடி ஊகிப்பதையும் நம்பி ஒன்றும் செய்யக்கூடாது. ஒரு விளையாட்டு மருத்துவரோ பிசியோவோ இந்த வாரமே பார்க்கட்டும்.

கோச்சுகள் இதில் இரண்டு விதமாகக் கெடுப்போம். வலியைத் தாங்கு என்று சொல்லிக் கெடுப்பது ஒன்று. பயந்துபோய் இரண்டு மாதம் முழு ஓய்வு கொடுத்துவிட்டு, ஓய்வு முடிந்த முதல் நாளே மணல் குழிக்கு அனுப்பிக் கெடுப்பது இன்னொன்று. தசைநாண் சும்மா கிடந்தால் பலம் பெறாது. பாரத்தை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி, அது வலியில்லாமல் போனால் கனமான எடையோடு மெதுவான ஸ்குவாட், அப்புறம் சின்னத் துள்ளல்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் முழு ஓட்டத்தில் தாண்டுதல் என்று பிசியோ ஒரு வரிசை போட்டுக் கொடுப்பார். மாதக் கணக்கில் ஆகும். இந்த வருடப் போட்டி போனால் போகட்டும்.

டிரிபிள் ஜம்ப் இப்போது வேண்டவே வேண்டாம். மூன்று பாய்ச்சலில் முதலாவதான ஹாப் முடிந்து, இரண்டாவதான ஸ்டெப்புக்காக ஒற்றைக் காலில் இறங்கும் அந்தக் கணத்தில் உடல் எடையைப் போல 15 மடங்கு வரை விசை அந்தக் காலில் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். கணுக்காலை அதற்குப் பறிகொடுத்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொன்றையும் அவளிடம் தனியாகக் கேளுங்கள்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதமாக வரவில்லை என்றால், பயிற்சியில் செலவாகும் சக்திக்கு ஏற்ற அளவு அவள் சாப்பிடவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பில் விரிசல் விழுவதற்கும் தூரம் ஏறாமல் நிற்பதற்கும் அதுவே வேராக இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆண் கோச்சுகள் பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே வருடங்களை ஓட்டினோம். நான் உட்பட.

சரி, 5.62லிருந்து 5.60. இரண்டு சென்டிமீட்டர் என்பது டேப்பைப் பிடித்தவரின் கை நடுக்கமாகக்கூட இருக்கலாம், அதை வீழ்ச்சி என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வலி தீர்ந்து அவள் திரும்ப வரும்போது, காற்றில் கைகால் எப்படிப் போகிறது என்பதை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பாருங்கள். பாதம் தாண்டும் பலகையை விட்ட பிறகு உடம்பு போகும் பாதையை யாராலும் மாற்ற முடியாது. காற்றில் தொங்குவதுபோலப் போகும் ஹேங், நடப்பதுபோலக் காலை வீசும் ஹிட்ச்-கிக் எல்லாம் முன்பக்கம் கவிழாமல் ஒழுங்காக இறங்குவதற்காகச் செய்வது. தூரத்தில் பெரும்பங்கு ஓடி வந்த வேகத்துடையது. பலகைக்கு முன்னால் உள்ள கடைசிப் பத்து மீட்டரைப் போனில் வீடியோ எடுத்து அளந்து எழுதி வையுங்கள். போன வருட வேகமும் இந்த வருட வேகமும் ஒன்றாக இருந்தால் தூரமும் ஒன்றாகத்தான் இருக்கும், அதற்குத் தாண்டும் பயிற்சி மருந்தாகாது, ஸ்பிரிண்ட் பயிற்சிதான் மருந்து.

கடைசிக்கு முந்தைய எட்டு, அதாவது காலடி, சற்று நீண்டு, இடுப்பு தாழ்ந்து, கடைசி எட்டு சுருங்கி விழ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பலகையைக் கண்ணால் தேடும் பிள்ளைகள் கடைசி மூன்று எட்டையும் குட்டிக் குட்டியாக வைத்து, சேர்த்து வந்த வேகத்தைப் பலகைக்கு முன்னாலேயே கொட்டிவிடுவார்கள். பலகைக்கு நான்கு எட்டு முன்னால் உங்களுக்கு மட்டும் தெரியும் ஓர் அடையாளம் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் பாதம் அங்கே எங்கே விழுகிறது என்று குறியுங்கள். அங்கேயே முப்பது சென்டிமீட்டர் முன்னே பின்னே ஆகிறது என்றால் கோளாறு பலகையில் இல்லை, ஓடத் தொடங்கும் முதல் சில எட்டுகளில் இருக்கிறது. அப்புறம், 2021 நவம்பரிலிருந்து விதி மாறியிருப்பதை அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா? தாண்டும்போது ஷூவின் நுனி கோட்டுக்கு மேலே காற்றில் நீட்டியிருந்தாலே ஃபௌல். பலகையின் விளிம்பில் வைக்கும் பிளாஸ்டிசின் களிமண்ணில் தடம் விழவில்லையே என்று வாதாடிய காலம் போய்விட்டது.

இனி எறிதல். நான் உங்களுக்கு நேர் எதிர். வட்டு எறிந்தவன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் தாண்டுபவர்களைக் கொடுத்தார்கள். எறிபவன் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை எறிவான், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மறுநாளும் எறிவான், அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதே கணக்கை ஒரு டிரிபிள் ஜம்ப் பையனுக்குப் போட்டேன். கெட்டித் தரையில் கால் மாற்றித் துள்ளித் துள்ளிப் போகும் பவுண்டிங், வாரத்தில் நாலு நாள், எத்தனை தடவை கால் தரையில் விழுகிறது என்று எண்ணக்கூட இல்லை. கீழ்க்கால் எலும்பு வலிக்கிறது என்று அவன் சொன்னபோது புது ஷூ வாங்கச் சொன்னேன். எலும்பில் விரிசல். அதற்குப் பிறகு அவன் தாண்டவே இல்லை. கல்லூரியை முடித்து எங்கோ நன்றாக இருக்கிறான், எப்போதாவது பேசுவான், இதைப் பற்றி அவனும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

அதிலிருந்து வந்ததுதான் என் நோட்டு. இன்று யார் எத்தனை தடவை தரையில் மோதினார்கள், எத்தனை முழு ஓட்டத் தாண்டல், எத்தனை எறி, எவ்வளவு எடை தூக்கினார்கள், காலையில் எங்கே வலித்தது என்று ஆளுக்கொரு பக்கம். என் அனுபவத்தில் தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. தாண்டுபவருக்கு முழு ஓட்டத்தில் எட்டுத் தாண்டல், வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. எறிபவருக்கு அது போதவே போதாது. நான் செய்த தப்பை நீங்கள் தலைகீழாகச் செய்யப்போகிறீர்கள் என்று பயப்படுகிறேன்: ஷாட்புட் பையன்களை எட்டு தடவை போடவிட்டு, போதும் என்று நிறுத்தி, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவீர்கள். ஓடவிடாதீர்கள். இருபத்தைந்து தடவையாவது போடட்டும், அதில் பாதி நின்ற இடத்திலிருந்தே.

மற்றபடி வேலை ஒன்றுதான், இதை நீங்கள் நம்பினால் பாதி பயம் போய்விடும். பலகையில் உங்கள் கால் என்ன செய்தது? முன்னோக்கி வந்த வேகத்தை விறைத்து நின்று மறித்தது, இடுப்பு அதன் மேலாக ஏறிப் போனது. ஈட்டி எறியும் வலக்கைக்காரரின் இடக்கால் அதையேதான் செய்கிறது, நீட்டி ஊன்றி நிற்கிறது, ஓடி வந்த உடம்பு அதில் மோதி நிற்க, அந்த வேகம் இடுப்பு, மார்பு, தோள், முழங்கை என்று ஏறிக் கடைசியில் கைக்குப் போகிறது. ஷாட்புட்டிலும் வட்டிலும் இதே இடக்கால். அந்தக் கால் மடங்கினால் வேகம் காலோடு போச்சு. புதிதாக வருகிறவர்களின் தப்பில் பெரும்பங்கு இரண்டுதான்: இடக்கால் மடங்கும், கை அவசரப்பட்டு முதலில் வரும். இவை இரண்டையும் கண்டுபிடிக்க நீங்கள் குண்டு போட்டிருக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும், உங்களுக்கு அதற்குப் பழகிய கண் இருக்கிறது.

சில நுணுக்கங்களைத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். குண்டு கழுத்தை ஒட்டியே இருக்க வேண்டும், முழங்கை தாழ்ந்தால் அது பந்து எறிவதாகிவிடும், விதிப்படியும் தப்பு, முழங்கைக்கும் ஆபத்து. வட்டு ஆள்காட்டி விரலிலிருந்து கடைசியாகக் கழன்று போக வேண்டும், இதைப் பழக்க முதல் வாரம் தரையில் சக்கரம்போல உருட்டவிடுங்கள், நேராக உருண்டு போனால் விரல் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கிளைடா (பின்னோக்கி வழுக்கி வந்து போடுவது) ஸ்பின்னா (சுழன்று போடுவது) என்று பையன்கள் கேட்பார்கள். 1976இல் அலெக்சாண்டர் பாரிஷ்னிகோவ் சுழன்று போட்டு 22.00 மீட்டர் உலக சாதனை செய்த பிறகு உலகமே மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது, இன்றைய உலக சாதனைக்காரர் ரையன் கிரவுசரும் சுழல்பவர்தான். ஆனாலும் நின்று போடுவது ஒழுங்காக வராதவனை 2.135 மீட்டர் வட்டத்துக்குள் சுழலவிட்டால் அவன் வட்டத்தை விட்டு வெளியே வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதல் வருடம் நின்று போடுவதும் கிளைடும் போதும்.

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்று இயற்பியலில் படித்த ஒருவன் கட்டாயம் வருவான். அது தரை மட்டத்திலிருந்து, எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தில் கிளம்பும் பொருளுக்கு. குண்டு கிளம்புவது இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து, மேலே தள்ளத் தள்ளக் கையின் வேகமும் குறையும், ஆகவே நல்ல போடுபவர்களின் கோணம் 35 முதல் 38க்குள் அடங்கும். நீளம் தாண்டுபவர்கள் கிளம்புவதோ இருபதை ஒட்டிய கோணத்தில்தான். கோணத்தைவிட வேகம் முக்கியம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். தூரம் கிட்டத்தட்ட வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கைவிடும் வேகத்தில் நூற்றில் ஒன்று கூடினால் தூரத்தில் நூற்றில் இரண்டு கூடும்.

இன்னொரு விஷயம், இதனால் மனமுடைந்து விட்டுப்போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குள் 5 கிலோ குண்டு, 20 வயதுக்குள் 6 கிலோ, அதன் பிறகு 7.26 கிலோ. ஒவ்வொரு தடவை எடை ஏறும்போதும் தூரம் ஒன்றிரண்டு மீட்டர் சரியும். பள்ளியில் மெடல் வாங்கியவன் கல்லூரிக்கு வந்ததும் 'மோசமாகிவிட்டேன்' என்று நினைப்பான், கோச் மேல்தான் பழி போடுவான். உங்களை எல்லோர் முன்னாலும் கேட்ட பையன் எந்த எடையிலிருந்து எந்த எடைக்கு மாறியிருக்கிறான் என்று பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எல்லோரும் சேர்ந்து எடுக்கப் போக வேண்டும், எறியும் பக்கத்தில் ஒருவர்கூட முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, ஈட்டியை நட்டுக்குத்தாக, முனை கீழே இருக்கும்படி நடந்தே கொண்டு வர வேண்டும், தரையில் குத்தி நிற்கும் ஈட்டியின் வால் பக்கம் ஓடிப்போய் மோதிக்கொள்பவர்களும் உண்டு. வட்டும் சம்மட்டியும் வலைக் கூண்டு இல்லாமல் எறியவே வேண்டாம். முக்கியமாக, தாண்டுபவர்களையும் எறிபவர்களையும் ஒரே நேரத்தில் நீங்கள் தனியாளாகப் பார்க்கக் கூடாது. காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம். முடியாது என்று நிர்வாகம் சொன்னால், உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் மூன்று நான்கு வருடத்தில் போய்விடுவார்கள் என்பது இந்த வேலையின் அமைப்பே. டாம் டெல்லஸ் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தார், அங்கே வந்து சேர்ந்த கார்ல் லூயிஸ் பல்கலைக்கழகத்தை விட்ட பிறகும் அவரையே கோச்சாக வைத்துக்கொண்டு 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் நீளம் தாண்டுதல் தங்கம் வாங்கினார். எத்தனை கோச்சுக்கு ஒரு லூயிஸ் வருவார்? எனக்கு வரவில்லை. எனக்குப் பிடித்த கல்லூரிக் கோச் வேறு ஒருவர், ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெர்னி வேக்னர். உயரம் தாண்டுதலில் கம்பிக்கு முதுகைக் காட்டித் தாண்டும் ஒரு விசித்திரப் பையன் அவரிடம் வந்தான், டிக் ஃபாஸ்பரி. பழைய முறைதான் அவனுக்குச் சரிப்படும் என்று வேக்னர் நம்பினார், முதல் வருடம் அதையே பழகவும் வைத்தார், ஆனால் போட்டியில் அவன் இஷ்டப்படி தாண்டுவதைத் தடுக்கவில்லை. இரண்டாம் வருடம் அவன் 2.08 மீட்டர் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் சாதனையை உடைத்ததும் தன் பிடிவாதத்தை விட்டுவிட்டார். 1968இல் மெக்சிகோவில் 2.24 மீட்டர், ஒலிம்பிக் தங்கம். அவனைப் பழைய முறைக்கே வலுக்கட்டாயமாக இழுத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் தாண்டினார்கள்.

அனடோலி பொந்தார்ச்சுக் கதை வேறு மாதிரி. 1972இல் சம்மட்டி எறிதலில் தங்கம் வாங்கியவர், அடுத்த ஒலிம்பிக்கில் தானும் எறிந்துகொண்டே யூரி செடிக்குக்குக் கோச்சாகவும் இருந்தார். 1976 மாண்ட்ரியலில் மாணவனுக்குத் தங்கம், கோச்சுக்கு வெண்கலம். மேடையில் தன் மாணவனுக்குக் கீழே நின்ற மனிதர் அவர். வேறு கோச் பெயர் வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சல் வரும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன், கொஞ்ச நேரம் வேலை செய்யும், அப்புறம் எரிச்சல் திரும்ப வந்துவிடும். அது இயல்பு, அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு காரியம் செய்யலாம். பிள்ளை போகும்போது அவள் பக்கத்தின் நகலை நோட்டிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த கோச்சுக்கு நீங்களே போன் போட்டுப் பேசுங்கள். அந்த கோச் உங்களை மறக்க மாட்டார், என் அடுத்த இரண்டு வேலைகளும் அப்படிப்பட்ட போன் வழியாகத்தான் வந்தன. நிர்வாகத்துக்கும் மெடல் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். வந்த நாளில் என்ன தூரம், இன்று என்ன தூரம், எத்தனை வாரம் காயத்தால் போனது என்று ஆளுக்கு ஒரு வரியில் காட்டுங்கள். இரண்டு வருடத்தில் நான்கு பேர் ஒரு மீட்டர் கூடுதலாகப் போட்டிருந்தால் அது மெடலைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

தாண்டுதல் மட்டும் பார்க்கும் இடத்துக்கு இப்போது போகாதீர்கள் என்பேன். இன்னும் மூன்று வருடம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தெரிந்த கோச்சுகள் குறைவு, கல்லூரிகள் ஒரே சம்பளத்தில் இரண்டும் கிடைக்கிறதே என்று சுயநலமாகத்தான் எடுப்பார்கள், எடுக்கட்டும். உலகத் தடகள அமைப்பு படிநிலையாக நடத்தும் கோச் பயிற்சிகளில் எறிதலுக்கு இடம் கிடைத்தால் போய் வாருங்கள். கிடைக்காவிட்டாலும் சோர்ந்துவிட வேண்டாம். யூடியூபில் வீடியோ பார்த்து ஈட்டி எறியப் பழகிய கென்யாவின் ஜூலியஸ் யெகோ 2015இல் 92.72 மீட்டர் எறிந்து உலக சாம்பியன் ஆனார், கோச்சும் அதே வீடியோக்களைப் பார்க்கலாம்.

அந்தப் பையன் கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "போட்டதில்லை, நீ சொல்லிக்கொடு" என்று சொல்லுங்கள். 4 கிலோ குண்டை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போய் நில்லுங்கள், எல்லோர் முன்னாலும், ஏனென்றால் அவனும் எல்லோர் முன்னாலும்தான் கேட்டான். அவன் சொல்லிக்கொடுக்கும்போது எதை விட்டுவிடுகிறான் என்று கவனியுங்கள், அவனுக்குத் தெரியாதது எது என்று அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். இடக்கால் மடங்குது மேடம் என்று அவன் சொன்னால், அன்று மாலையே அவன் வீடியோவைப் போட்டு அவன் இடக்காலைக் காட்டுங்கள். குண்டு எத்தனை மீட்டர் போனது என்று எனக்கு எழுதுங்கள். நான் என் பிள்ளைகள் முன்னால் முதன்முதலாக டிரிபிள் ஜம்ப் தாண்டிக் காட்டியபோது மணல் குழி வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.